காகிதத்திலிருந்து கணினிக்கு: சிறு அலுவலகத்தை மாற்றும் வரிசை

பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஆடிட்டர் அலுவலகம், வரி ஆலோசகர் அலுவலகம் போன்ற இடங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் இப்படிப்பட்ட அலுவலகங்களைக் காகிதத்திலிருந்து கணினிக்கு மாற்றிக் கொடுப்பதுதான் என் வேலை.

பாதியில் நின்றுபோன முயற்சிகளைச் சரிசெய்யத்தான் பெரும்பாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள். அவை அநேகமாக ஒரே இடத்தில் சறுக்கியிருக்கும். ஸ்கேனர் வாங்கிய மறுநாளே ரெக்கார்டு அறையைத் திறந்து, பத்து வருடத்து ஃபைல்களை இறக்கியிருப்பார்கள். மூன்றாவது வாரத்தில் தூசியும் அலுப்பும் மிஞ்சும். அதற்குள் அன்றாடம் வரும் தாள்கள் வழக்கம்போல் புதிய ஃபைல்களில் சேர்ந்துகொண்டே இருக்கும். இறைக்க இறைக்க ஊறும் கிணறு அது.

ஆகவே நாளைக் காலை வரப்போகும் தாள்தான் முதல் வேலை, பழைய அறை கடைசி வேலை. மொத்தத்துக்கும் மூன்று மாதம் ஒதுக்குங்கள்.

1. ஒரு வாரம் தாளின் பின்னால் நடங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அலுவலகத்துக்கு அதிகம் வரும் ஐந்து வகைத் தாள்களைத் தேர்ந்தெடுங்கள்: வங்கி அறிக்கை, கொள்முதல் பில், துறை நோட்டீஸ், சம்பளப் பட்டியல், ஒப்பந்தம். ஒவ்வொன்றும் எந்த வழியாக வந்தது, யார் கைக்குப் போனது, எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது, கடைசியில் எங்கே தங்கியது என்று எழுதுங்கள்.

ஓர் அலுவலகத்தில் ஜிஎஸ்டி நோட்டீஸ் ஒன்றின் பின்னால் நடந்தேன். அது வந்ததே இணையதளத்தில்தான். கணக்கர் அதை அச்செடுத்தார், வரவுப் பதிவேட்டில் எண் போட்டார், ஆடிட்டர் மேசையில் வைத்தார். அவர் ஓரத்தில் பென்சிலால் ‘பதில் தயார் செய்யவும்’ என்று எழுதினார். பதிலைத் தட்டச்சு செய்து, அச்செடுத்து, கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து, மறுபடி அதே இணையதளத்தில் ஏற்றினார்கள். கணினியில் பிறந்து கணினிக்கே திரும்பிய ஒரு நோட்டீஸ் நடுவில் இரண்டு முறை காகிதமாகி ஆறு நாள் அலைந்தது.

இந்த வரைபடம் இல்லாமல் மென்பொருள் வாங்கினால், விற்பவர் சொல்லும் வேலைமுறையை வாங்கியதாகவே முடியும். உங்கள் வேலைமுறை மேசைக்கு அடியில் தனியாக ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த வாரத்திலேயே இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய ஃபைல் அட்டைகளின் உட்பக்கத்தில் மூத்த பணியாளர்கள் குறிப்பு எழுதி வைத்திருப்பார்கள். ‘போன் செய்தால் மூத்த மகனிடம் பேசவும்’, ‘குடோன் முகவரி வேறு’, ‘2019 கணக்கில் இரண்டு பில் தகராறு’. அலுவலகத்தின் பாதி அறிவு அங்கேதான் இருக்கிறது. தாள்களை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு அட்டையை எறிந்த அலுவலகங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த இழப்பை எந்தக் காப்புநகலும் ஈடுகட்டாது.

2. நாளைக் குறியுங்கள்

மாதத்தின் 11ஆம் தேதி விற்பனை விவரமும் 20ஆம் தேதி வரி செலுத்தும் படிவமும் ஜிஎஸ்டியில் நெருக்கும். ஜூலை முதல் அக்டோபர் வரை வருமான வரிக் கணக்கும் தணிக்கை அறிக்கையும் மூச்சுவிட விடாது. டிசம்பர் 31இல் ஆண்டுப் படிவங்கள் முடிகின்றன. எனவே ஜனவரி 21ஐ ஒட்டித் தொடங்குவதே என் வழக்கம். மார்ச் நெருக்கடிக்கு முன் ஆறு வாரமாவது கையில் இருக்கும்.

அவசர வேலை நடக்கும்போது புது முறையைத் திணித்தால், மூன்றாவது நாளே எல்லோரும் பழக்கப்பட்டதற்குத் திரும்பிவிடுவார்கள். ஒருமுறை திரும்பியவர்களை மறுபடி அழைத்துவருவது இரண்டு மடங்கு பாடு.

3. சாவி யாரிடம் என்பதை முடிவு செய்யுங்கள்

இணைய முகவரி, மின்னஞ்சலின் தலைமைக் கணக்கு, கோப்புச் சேமிப்பு ஆகிய மூன்றும் அலுவலகத்தின் பெயரில் இருக்கவேண்டும். கடவுச்சொல்லை மீட்கும் கைபேசி எண் அலுவலக சிம் ஆக இருக்கட்டும். நிர்வாகி உரிமை இரண்டு பேருக்கு வேண்டும். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால், அவர் மருத்துவமனையில் படுத்த அன்று அலுவலகமும் படுத்துவிடும்.

எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் உறவுக்காரப் பையன் ஒருவர் எல்லாவற்றையும் தன் பெயரில் அமைத்துக் கொடுத்தார், நல்ல மனத்தோடுதான். பிறகு வேலை கிடைத்து வெளிநாடு போனார், பழைய எண்ணையும் விட்டுவிட்டார். ஓடிபி அந்த எண்ணுக்கே போய்க்கொண்டிருந்தது. பதினொரு நாள் அந்த அலுவலகத்துக்கு மின்னஞ்சல் இல்லை.

ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர்பெயர் கொடுங்கள். ஒரே கடவுச்சொல்லை நான்கு பேர் பகிர்வது சிறு அலுவலகங்களில் சர்வ சாதாரணம், ஆனால் அது இன்று சட்டத்தையும் தொடுகிறது. 2023 ஏப்ரல் 1 முதல், நிறுவனச் சட்டத்தின் கீழ் பதிவான கம்பெனிகள் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிவு செய்யும், அந்தப் பதிவை நிறுத்திவைக்க முடியாத கணக்கு மென்பொருளைத்தான் பயன்படுத்தவேண்டும். நான்கு பேர் ஒரே பெயரில் நுழைந்தால் அந்தப் பதிவு எதையும் சொல்லாது.

வாடிக்கையாளரின் மின்னணுக் கையெழுத்தைத் தாங்கிய சிறு யு.எஸ்.பி. கருவிகளான டிஜிட்டல் கையொப்ப டோக்கன்களை இதே நாளில் வெளியே எடுங்கள். மேசை இழுப்பறையில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, பின் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி அதன்மேலேயே ஒட்டியிருப்பார்கள். வாடிக்கையாளரின் கையெழுத்தையே இழுப்பறையில் போட்டு வைத்திருப்பதற்குச் சமம் அது. சீட்டைக் கிழியுங்கள், டோக்கனைப் பூட்டுங்கள், யார் எப்போது எடுத்தார் என்று எழுதுங்கள். இந்தச் சான்றிதழ்களின் ஆயுள் அதிகபட்சம் மூன்று ஆண்டு என்பதால், முடியும் தேதிகளை ஒரே பட்டியலில் வரிசையாகப் போட்டுவிடுங்கள்.

4. முதல் கோப்புக்கு முன் பெயர் விதி

பெயர் விதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், ஆறே வாரத்தில் ‘பில் புதியது’, ‘பில் கடைசி’, ‘பில் கடைசி 2’ என்று கோப்புகள் நிற்கும். எது உண்மையில் கடைசி என்று எழுதியவருக்கே தெரியாது.

என் விதி இது: வாடிக்கையாளர் எண், தாள் வந்த தேதி, ஆவண வகை, வரிசை எண். உதாரணம்: 0147_2026-01-21_வங்கி-அறிக்கை_01. வாடிக்கையாளர் பெயரை நான் கோப்புப் பெயரில் சேர்ப்பதில்லை. ஒரே பெயரை ஒருவர் ‘செந்தில்’ என்றும் இன்னொருவர் ‘செந்தில்குமார்’ என்றும் எழுதுவார், எண்ணில் அந்தக் குழப்பம் வராது. தேதியில் ஆண்டை முன்னால் வைத்தால்தான் கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கும். நாளை முன்னால் போட்டால் ஜனவரி 5ஐயும் டிசம்பர் 5ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடும்.

கோப்புறைகள் இரண்டு அடுக்குப் போதும்: வாடிக்கையாளர் எண், அதற்குள் நிதியாண்டு. ஆழமாகத் தோண்டாதீர்கள். விண்டோஸில் கோப்பின் முழு வழித்தடமும் பெயரும் சேர்ந்து 260 குறிகளைத் தாண்டினால் பல மென்பொருள்கள் அந்தக் கோப்பைத் திறக்க மறுக்கும். உள்ளூரில் திறந்த கோப்பு, வேறு வட்டுக்கு நகலெடுக்கும்போது பிழை காட்டுவதற்கு அநேகமாக இதுவே காரணமாக இருக்கும்.

ஆவண வகைகளை இருபதுக்குள் நிறுத்தி, ஒரு தாளில் அச்செடுத்து ஒவ்வொரு மேசையிலும் ஒட்டுங்கள். இந்த ஒரு தாளை மட்டும் காகிதத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

5. தமிழ்க் கோப்புகளைத் தனியாகக் கவனியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப்போகிறவர்கள்தான் அதிகம். இரண்டு வருடம் கழித்துத் தேடும்போதுதான் வலி தெரியும்.

பழைய கணினிகளில் இருக்கும் தமிழ்க் கடிதங்கள் பெரும்பாலும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. திரையில் தமிழ் தெரியும், உள்ளே இருப்பது வேறு குறிகள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான் வரும். ‘வாடகை ஒப்பந்தம்’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது.

இந்தக் கோப்புகளை, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றியபிறகே புதிய சேமிப்பில் ஏற்றவேண்டும். மாற்றித்தரும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் ஒரே கோப்பில் இரண்டு எழுத்துரு கலந்திருந்தால் கருவி தடுமாறும், ஆங்கிலச் சொற்களையும் எண்களையும் சேர்த்துக் குலைத்துவிடும். எனவே மாற்றிய ஒவ்வொரு கடிதத்திலும் தொகை, தேதி, பெயர் மூன்றையும் ஒருவர் கண்ணால் சரிபார்க்கவேண்டும். மூலக் கோப்பை அழிக்காமல், அந்த எழுத்துருவோடு சேர்த்து ஒரு தனி வட்டில் வையுங்கள்.

ஒருங்குறிக்கு வந்தபிறகும் ஒரு நுட்பமான பொறி உண்டு. ‘கொ’ என்ற எழுத்தில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தேடல் கருவி சரியாக எழுதப்படாதது என்றால் ‘கொள்முதல்’ என்று நீங்கள் தேடும்போது பாதிக் கோப்புகள் மறைந்துவிடும். எல்லாக் கணினியிலும் ஒரே விசைப்பலகை மென்பொருளை நிறுவுங்கள். ஆவண வகைப் பெயர்களைத் தட்டச்சு செய்யாமல் பட்டியலிலிருந்து நகலெடுத்து ஒட்டப் பழக்குங்கள். இதற்கு இதைவிட எளிய மருந்து நான் கண்டதில்லை.

பெயரின் நீளத்தையும் பாருங்கள். லினக்ஸில் ஓடும் சேமிப்புப் பெட்டிகளில் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட் வரம்பு. தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கும், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகளே. ‘வங்கி-அறிக்கை’ என்பது மட்டும் 37 பைட். கடிதத்தின் பொருள் முழுவதையும் பெயராக வைக்கும் பழக்கம் இருந்தால் இங்கே இடிக்கும்.

6. நாளைக் காலைத் தபாலிலிருந்து ஆரம்பம்

இரண்டு பக்கமும் ஒரே ஓட்டத்தில் எடுக்கும், தாளைத் தானே இழுத்துக்கொள்ளும் ஸ்கேனர் ஒன்று போதும். அதை ஆடிட்டர் அறையில் வைக்காதீர்கள். தபால் வந்து இறங்கும் மேசைக்குப் பக்கத்தில் வையுங்கள். பத்தடி நடக்கவேண்டியிருந்தாலும் தாள் ‘பிறகு எடுக்கலாம்’ அடுக்கில் சேர்ந்துவிடும்.

தெளிவு 300 டி.பி.ஐ., சாம்பல் நிறம், பி.டி.எஃப். வடிவம். கோப்பு சிறியதாக இருக்கும் என்று கறுப்பு வெள்ளையில் எடுக்கத் தோன்றும். இளஞ்சிவப்புத் தாளில் கார்பன் பதிந்த பில்லை அப்படி எடுத்துப் பாருங்கள்: தாள் முழுக்கக் கறுப்பாகும், அல்லது எழுத்தே மறையும். வண்ண முத்திரை இருக்கும் தாளுக்கு மட்டும் வண்ணம். படத்தை எழுத்தாக மாற்றும் ஓ.சி.ஆர். வசதியை முதல் நாளே இயக்கிவிடுங்கள். அச்சுத் தமிழை அது ஓரளவு நன்றாகவே படிக்கும், கையெழுத்தில் நம்பவேண்டாம்.

பெட்ரோல் பங்க் ரசீது, கூரியர் சீட்டு, கடை பில் போன்ற வெப்ப அச்சுத் தாள்களை வந்த அன்றே எடுங்கள். சில மாதங்களில் அவை வெளுத்துவிடும். வெளுத்த ரசீதைக் காட்டி எந்தச் செலவையும் நிரூபிக்க முடியாது.

முதல் வாரத்தில் ஓர் அலுவலகத்தில் மூத்த கணக்கர் ஒருவர், கையில் தாளோடு என்னிடம் வந்து கேட்டார்: “சார், ஸ்கேன் செய்துவிட்டேன். இப்போது இந்தத் தாளை எங்கே வைப்பது?” முப்பது வருடமாகத் தாளை அதன் ஃபைலில் சேர்த்தால்தான் வேலை முடிந்தது என்று பழகியவர். அந்தக் கேள்விக்கு எங்களிடம் அன்று பதில் இல்லை. பதில் இல்லாததால் அவர் பழையபடி பஞ்ச் செய்து ஃபைலில் போட்டார், அவர் செய்தது சரிதான்.

அன்றிலிருந்து மூன்று தட்டுகளை முதலிலேயே வைத்துவிடுகிறேன்: வந்தது, எடுத்தது, திருப்பித் தரவேண்டியது. எடுத்த தாள்கள் வாடிக்கையாளர் வாரியாகப் பிரிக்கப்படாமல் மாதப் பெட்டியில் நாள் வரிசையில் போகும். எப்போதாவது மூலம் வேண்டுமென்றால், கோப்புப் பெயரில் உள்ள தேதியை வைத்து இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடலாம். ஃபைலில் சேர்க்கும் வேலை முற்றிலும் நீங்குகிறது. தாளும் பத்திரமாக இருக்கிறது என்ற நிம்மதி மூத்தவர்களுக்குக் கிடைக்கிறது.

பயிற்சி வகுப்பு என்று எல்லோரையும் உட்காரவைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மூத்தவர் ஒருவரையும் புதிதாகச் சேர்ந்தவர் ஒருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு வாடிக்கையாளரின் ஒரு மாத வேலையை முழுதாக முடிக்கச் சொல்லுங்கள். எந்தத் தாள் எதற்கு என்று மூத்தவருக்குத் தெரியும், எந்தப் பொத்தான் எதற்கு என்று இளையவருக்குத் தெரியும். மவுஸ் மூத்தவர் கையில் இருக்கட்டும்.

7. வாட்ஸ்அப் ஓட்டையை அடைத்துவிடுங்கள்

இன்று பாதி ஆவணம் தபாலில் வருவதில்லை, பணியாளர்களின் சொந்தக் கைபேசிக்கு வருகிறது. அவர் வேலையை விட்டுப் போகும்போது வாடிக்கையாளரின் பான் அட்டையும் வங்கி அறிக்கையும் அவரோடு போகின்றன.

அலுவலகத்துக்கென்று ஒரே எண் வைத்து, எல்லா வாடிக்கையாளருக்கும் அதைத் தெரிவியுங்கள். பில்லைப் புகைப்படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கித் தெளிவைக் குறைத்துவிடும், ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். ஆதார் வேண்டியிருந்தால், முதல் எட்டு இலக்கம் மறைத்த நகல் போதுமா என்று பார்த்து, போதுமென்றால் அதையே கேளுங்கள். தினமும் மாலை ஐந்து மணிக்கு ஒருவர் அந்த எண்ணில் வந்ததையெல்லாம் இறக்கிப் பெயரிட்டுக் கோப்புறையில் போடவேண்டும்.

வங்கி அறிக்கைகள் பெரும்பாலும் கடவுச்சொல்லோடு வரும். வந்த அன்றே திறந்து, கடவுச்சொல் இல்லாத நகலைச் சேமியுங்கள். நான்கு வருடம் கழித்து மதிப்பீட்டு அதிகாரி கேட்கும்போது அந்தக் கடவுச்சொல் யாருக்கும் நினைவிருக்காது.

8. காப்புநகலை மீட்டுப் பாருங்கள்

மேகச் சேமிப்பில் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பதுதான் இங்கே பெரிய தவறு. கணினியோடு ஒத்திசைந்து ஓடும் சேமிப்பு, நீங்கள் அழித்ததை அங்கேயும் அழிக்கும். பணம் கேட்டுக் கோப்புகளைப் பூட்டும் வைரஸ் வந்தால், பூட்டிய கோப்புகளையே அங்கேயும் ஏற்றும்.

மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு கட்டடத்தில் என்பது பழகிப்போன நல்ல விதி. வெளி வட்டு ஒன்றில் வாரம் ஒருமுறை எடுத்து, எடுத்ததும் கழற்றிவிடுங்கள். எப்போதும் செருகியே இருக்கும் வட்டு வைரஸுக்குத் திறந்த கதவு. உங்கள் வாடிக்கையாளர் கம்பெனி என்றால், கணக்குப் புத்தகங்களின் காப்புநகலை இந்தியாவில் இருக்கும் சர்வரில் தினமும் வைக்கவேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டிருக்கிறது. சேமிப்பை விற்பவரிடம் இதை எழுத்தில் கேளுங்கள்.

மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு கோப்பை எண்ணால் தேர்ந்தெடுத்து, காப்புநகலிலிருந்து மீட்டுத் திறந்து பாருங்கள். மீட்டுப் பார்க்காத காப்புநகலை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

மின்சாரத்துக்கு யு.பி.எஸ்., இணையத்துக்கு வேறு நிறுவனத்தின் இரண்டாவது இணைப்பு. இவ்வளவு போதும்.

9. இப்போது பழைய அறை

இங்கே வரும்போது அன்றாட வேலை புது வழியில் ஓடிக்கொண்டிருக்கும். பழைய அறை இனி வளராது. அதனால் அவசரமும் இல்லை.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யாதீர்கள். முதலில் கட்டு வாரியாக ஒரு பட்டியல் எழுதுங்கள்: யாருடையது, எந்த ஆண்டு, எந்த அலமாரி. யாராவது கேட்கும்போது அந்தக் கட்டை மட்டும் எடுத்து ஸ்கேன் செய்தால் போதும். பெரும்பாலான கட்டுகளை யாரும் கேட்கப்போவதில்லை.

சட்டம் கேட்கும் காலம் முடிந்தவற்றைத் தனியாக வையுங்கள். ஜிஎஸ்டி ஆவணங்களை அந்த ஆண்டின் ஆண்டுப் படிவத்துக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்கவேண்டும். கம்பெனிக் கணக்குப் புத்தகங்களுக்கு எட்டு நிதியாண்டு. மேல்முறையீடோ விசாரணையோ நடந்தால் இந்தக் கணக்கு நீளும், ஆகவே வழக்கு உள்ள கட்டுகளில் சிவப்பு நாடா கட்டுங்கள். காலம் முடிந்தாலும் வாடிக்கையாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் எதையும் அழிக்காதீர்கள். பல தாள்கள் அவருடைய சொத்து.

உயில், அறக்கட்டளைப் பத்திரம், முத்திரைத்தாள் ஒப்பந்தம், கிரயப் பத்திரம் ஆகியவற்றின் மூலங்களை ஸ்கேன் செய்தாலும் அழிக்கக்கூடாது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் உயிலுக்கும் அறக்கட்டளைப் பத்திரத்துக்கும் பொருந்தாது. மற்ற ஸ்கேன் கோப்புகளும் நீதிமன்றத்துக்குப் போகவேண்டி வரலாம். 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியம் 63ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்தோடு ஒரு சான்றிதழும் கேட்கிறது. எந்தக் கருவியில் உருவானது, கோப்பின் ஹாஷ் மதிப்பு (கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும், கைரேகை போன்ற குறியீடு) என்ன என்ற விவரங்கள் அதில் வரும். எந்த ஸ்கேனரில், யார், எப்போது எடுத்தார் என்ற பதிவு உங்களிடம் முன்பே இருந்தால் அந்தச் சான்றிதழ் அரை மணி நேர வேலை.

10. பதிவேட்டை மூடுங்கள்

புதிய முறையும் பழைய முறையும் சேர்ந்து ஓடும் காலத்தை இரண்டு வாரத்தில் முடித்துவிடவேண்டும். ‘கொஞ்ச நாள் இரண்டிலும் எழுதுவோம்’ என்று ஆரம்பித்து ஒன்றரை வருடமாக இரண்டிலும் எழுதும் அலுவலகங்கள் இருக்கின்றன. வேலை இரட்டிப்பாகும், இரண்டும் ஒத்துப்போகாத நாளில் எல்லோரும் காகிதத்தையே நம்புவார்கள்.

மூடும் தேதியை முதல் நாளே அறிவியுங்கள். அன்று மாலை, வரவுப் பதிவேட்டின் கடைசிப் பதிவுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு இழுத்து, கடைசி எண்ணையும் தேதியையும் எழுதி, அதை இத்தனை வருடம் எழுதியவரையே கையெழுத்திடச் சொல்லுங்கள். கணினிப் பதிவேடு அடுத்த எண்ணிலிருந்து தொடரவேண்டும், ஒன்றிலிருந்து அல்ல. பழைய பதிவேட்டில் 4,812 என்றால் மறுநாள் காலை முதல் தபால் 4,813. பழையதையும் புதியதையும் சேர்த்துத் தேடவேண்டி வரும்போது ஒரே எண் இரண்டு தாளுக்கு இருக்காது.